எழுபத்து நான்கு கிலோ

சுத்தமான இருட்டின் விலை ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் யூரோ. கப்பல் வாடகை, டீசல், ஆள்கூலி எல்லாம் அடக்கம். அதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது. நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். நான் கத்தானியா மீன் சந்தையில் வளர்ந்தவன். அப்பாவுக்குச் சூரைமீன் வியாபாரம். இப்போது என் வேலை, நியூட்ரினோ தேடும் விஞ்ஞானிகளுக்குச் சாமான் வாங்கித் தருவது. கடலுக்குள் மூன்றரைக் கிலோமீட்டர் இறங்கினால் வெயிலின் வாசனைகூடக் கிடையாது. அந்த இருட்டில் எப்போதாவது ஒரு நியூட்ரினோ மோதி, மினுக்கென்று ஒரு பொறி தெரியும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு செலவு.

நான் சொல்லப்போவது ராத்திரி நடந்ததல்ல. ஆகஸ்ட் மாதம், பட்டப்பகல். தளத்தில் வெறுங்கால் வைக்க முடியாத வெயில். ஆனால் கீழே எப்போதும் நடுநிசிதான். நேரங்களை என் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. கணினி தானாகக் குறித்துவைத்தவை. நம்பாதவர்கள் அதனிடம் போய்ப் பேரம் பேசலாம்.

அன்று இறக்கியது சோதனைக் கருவி. ஒரே கேபிளில் நாற்பது மீட்டருக்கு ஒன்றாக ஆறு கண்ணாடிக் குண்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலாபுறமும் பார்க்கும் முப்பத்தொரு ஒளிக்கண்கள். அந்த ஆழத்தில் விரல்நுனி அளவு இடத்தில் முந்நூற்றைம்பது கிலோ அழுத்தும். முன்பு ஒரு குண்டு சோதனைத் தொட்டியில் உடைந்தபோது, தொட்டி மூடியின் போல்ட் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனது.

கேபிள் நேராக நிற்கக் கீழே ஒரு பாரம் வேண்டும். சிமெண்ட் கட்டைக்கு இரண்டாயிரம் கேட்டார்கள். நான் அல்ஃபியோவின் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். உடைத்துப்போட்ட இழுவைப்படகு ஒன்றின், வலை இழுக்கும் வின்ச் உருளை கிடந்தது. ஒரு டன். எண்ணூறு என்றான். நானூறு என்றேன்.

"சரி, எடுத்துட்டுப் போ."

அப்பா சொல்வார்: "பாதி விலைக்கு ஒடனே தலையாட்டுறவன் சரக்க விக்கலடா, தொலைக்கிறான்." ஞாபகம் வந்தது. நானூறு யூரோ மிச்சம் என்பதும் ஞாபகம் வந்தது.

எங்கள் கப்பலில் வின்ச் ஓட்டுபவன் நுன்சியோ, என் தங்கை சாரினாவின் கணவன். பதினான்கு வருடம் இழுவைப்படகில் இருந்தவன். ஒருநாள் திடீரென்று அந்த வேலையை விட்டான். ஏன் என்று சொல்லவில்லை. நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். கப்பல் கிளம்பும் முன் போர்ட்டோபாலோ துறையில் சாரினா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இந்த மனுசன முழுசாத் திருப்பிக் குடு. சந்தையில குடுக்குற மாதிரி வாலு வேற தல வேறயாக் குடுக்காத."

"நிறுத்தே தர்றேன், போ," என்றேன்.

உருளையைத் தளத்தில் பார்த்ததும் நுன்சியோ நின்றுவிட்டான்.

"மச்சான், இத எங்க புடிச்ச?"

"அல்ஃபியோகிட்ட. நானூறு."

வழக்கமாக என் பேரத்தை நக்கலடிப்பான். அன்று உருளையை ஒருமுறை சுற்றிவந்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பார்த்தால் உருளை முழுக்கச் சாம்பல் நிறப் பெயிண்ட், இன்னும் ஈரம்.

"கடல்ல போடுற இரும்புக்கு எதுக்குடா பெயிண்ட்? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"துருவா இருந்துச்சு. சீக்கிரம் எறக்கு மச்சான்."

பெயிண்டுக்குக் கீழே புடைத்த எழுத்துகள் தெரிந்தன. ஏதோ படகின் பெயர். அதன் மேல் மட்டும் மூன்று பூச்சு.

இறக்கி முடித்தபோது மணி 11:05. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. கேபிளில் தொங்கும் எடையைக் காட்டும் திரையில் 4,310 கிலோ.

11:16. எடை 4,384.

எழுபத்து நான்கு கிலோ கூடியிருந்தது.

கருவிக்குப் பொறுப்பான புரொபசரம்மா வெனெரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏதோ பெரிய மீன் சிக்கியிருக்கும்."

"தண்ணிக்குள்ள மீன் எடை காட்டாது புரொபசரம்மா. மனுசனும் காட்டமாட்டான். ஊறவச்சு நிறுக்குறதெல்லாம் மேல, எங்கப்பன் கடையிலதான்."

அவர் திரையை விரலால் தட்டிப் பார்த்தார்.

11:20:00. அடிக் குண்டில் வெளிச்சம். முதலில் கீழ்ப்பக்கக் கண்கள் பார்த்தன. பிறகு பக்கவாட்டுக் கண்கள். பிறகு மேல் கண்கள். எதுவோ கீழிருந்து மேலே அதைத் தாண்டிப் போகிறது.

"கடல் பூச்சிதான். எதாவது ஒரசினா மினுங்கும்," என்றார் புரொபசரம்மா.

"எது ஒரசுது?"

அந்தக் குண்டின் திரை அணைந்தது. இரண்டு வினாடி கழித்து...

டம்.

கப்பலின் அடியில் சம்மட்டியால் அடித்ததுபோல். உள்ளங்காலில் உறைத்தது. குண்டு நொறுங்கிய சத்தம் மேலே வர அவ்வளவு நேரம் ஆகும்.

11:24:00. இரண்டாவது. கீழ்க் கண், பக்கக் கண், மேல் கண். டம்.

11:26:00. மூன்றாவது. டம். மேசையிலிருந்த காபிக் கோப்பை விழுந்து உடைந்தது.

நாற்பது மீட்டருக்கு முதலில் நான்கு நிமிடம். அடுத்து இரண்டு.

11:27:00. நான்காவது.

11:27:30. ஐந்தாவது.

11:27:45. ஆறாவது. டம்... அதன் பிறகு அமைதி.

கண்கள் அவ்வளவுதான். இனி மேலே மூவாயிரத்து இருநூறு மீட்டர் வெறும் கேபிள். எதுவும் தெரியாது. உடைந்த குண்டுகளுக்குக் கழித்துப் பார்த்தோம். அப்போதும் எழுபத்து நான்கு கிலோ கூடுதல். அது இன்னும் கேபிளில்தான் இருந்தது.

புரொபசரம்மா காகிதத்தில் வகுத்தார். "இதே வேகத்துல வந்தா... இருபது நிமிஷம்."

11:28:00. வாக்கி-டாக்கியில் நுன்சியோ.

"மச்சான். கேபிள வெட்டு."

"மூணு வருச உழைப்புடா அது."

"வெட்டு."

இருபது நிமிடம் இருக்கிறது. அதற்குள் கேபிளைச் சுற்றி எடுக்க முடியாதுதான். ஆனால் யோசிக்கலாம், கரைக்குப் பேசலாம். என் வாய் பழக்கத்தில் பாதியைக் கேட்டது.

"பத்து நிமிஷம் குடு."

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ஒம்பதே போதும் மச்சான். எனக்குத் தெரியும்."

"நீ அங்கேருந்து நகந்து வா."

"பாரம் தொங்கும்போது வின்ச்ச விட்டு வரக்கூடாது. அன்னிக்கும் வரல."

எந்த அன்றைக்கு என்று கேட்டேன். அணைத்துவிட்டான்.

நான் கரைக்குப் பேசினேன். யாரும் முடிவு சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்கச் சொன்னார்கள். 11:35க்கு வெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கேபிள் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த வெயிலில், தண்ணீருக்கு மேலே, காய்ந்து கிடக்க வேண்டிய கேபிள்... நனைந்திருந்தது. ஒரு பிடி ஈரம். அதற்கு மேலே இன்னொரு பிடி. நான் பார்க்கப் பார்க்க இன்னொன்று.

நுன்சியோ வின்ச்சிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான் நின்றான். மோட்டார் அணைந்திருந்தது. சாவி அவன் கழுத்தில்.

11:37:00.

வின்ச் சுற்றியது.

அவன் கையை வைக்கவில்லை. இடது கை தானாக நீண்டது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததுபோல.

எலும்பு முறிந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். பிறகு ஈரச் சத்தம்.

நான் வெட்டினேன்.

நான்கு டன் இழுப்பு அறுந்து, கேபிள் சாட்டையாகத் திரும்பியது. தளத்தின் கம்பி வேலியை இரண்டாக வெட்டியது. ஜன்னல் சிதறியது. என் காதில் பாதி போனது.

கேபிள் இல்லாத வின்ச்... இன்னும் சுற்றியது.

முழங்கை.

தோள்.

நின்றது.

நுன்சியோ தன் கையைப் பார்க்கவில்லை. வின்ச்சுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத இடத்தைப் பார்த்தான்.

"போதுமாடா, ஹெடி?"

மயங்கி விழுந்தான். என் பெல்ட்டை அவிழ்த்து அவன் தோளில் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். எடைத் திரை எரிந்துகொண்டிருந்தது. கொக்கியில் ஒன்றும் தொங்கவில்லை. பூஜ்யம் காட்ட வேண்டும்.

70 காட்டியது.

ஹெலிகாப்டர் வந்து அவனைக் கொண்டுபோனது. பிழைத்தான். நான்காம் நாள் அல்ஃபியோவின் கடைக்குப் போனேன். என் காதுக் கட்டைப் பார்த்துவிட்டு ஸ்டூலைத் தள்ளினான்.

"யார் அந்த ஹெடி?"

"துனீசியாக்காரப் பையன். நீ வாங்கின உருளை இருந்த படகுல வேல பாத்தான். வின்ச்சுல இடது கை மாட்டிச்சு. அன்னிக்கு வலை நெறைய செவப்பு எறா. நிறுத்தினா வலை போயிரும்னு மொதலாளி கத்த, வின்ச் ஓட்டுனவன் நிறுத்தல. ஒம்பது நிமிஷம். முழு ஆளும் உள்ள போயிட்டான்."

"ஓட்டுனவன் யாரு?"

"ஒன் தங்கச்சி புருசன்தான். ஒனக்குத் தெரியாதா?"

"இத ஏன்யா அன்னிக்கே சொல்லல?"

"நீ பாதி வெல கேட்ட, நான் சரின்னேன். ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா? சந்தைக்காரன் மவன்தான நீ?"

ஹெடியின் உடலைப் பார்த்துப் போலீஸ் டாக்டர் எழுதிய காகிதத்தின் நகலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் போட்டான். படகோடு சேர்ந்து வந்ததாம். பெயர், வயது இருபத்திரண்டு, உயரம். அதற்குக் கீழே எடை.

எழுபத்து நான்கு.

கப்பல்காரர்கள் எடைக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார்கள். வெறும் கொக்கியில் அதுவும் எழுபதுதான் காட்டுகிறது. நுன்சியோ ராத்திரியில் உட்கார்ந்தே தூங்குகிறான், வலது கையை அக்குளில் செருகிக்கொண்டு.

நேற்று அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும் முன் எடை பார்த்தார்கள். சாரினா அந்தச் சீட்டை என் கையில் திணித்தாள். "முழுசாக் கேட்டேனே அண்ணே," என்றாள்.

ஏறி வந்தது எழுபத்து நான்கு கிலோ. ஒரு கை, ஏறக்குறைய நான்கு கிலோ என்கிறார் டாக்டர்.

பாக்கி, சீட்டில் இருக்கிறது. எழுபது.