அச்சகத்தார் எழுதிய கவிதை

இந்த ஊரில் யார் இறந்துபோனார்கள் என்று சுவர்கள் சொல்வதில்லை. கனடாவில், டொரண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கிச்சனர் என்ற ஊருக்கு, மகள் கயல்விழியோடு இருப்பதற்காக வந்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் காலையில் நடக்கப் போகிறேன். வழியெங்கும் சுவர்கள் கழுவி வைத்த தட்டுகள் மாதிரி இருக்கின்றன. மதுரையில், தல்லாகுளத்து வீட்டிலிருந்து நான் வேலை பார்த்த நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளாவது கண்ணில் படும். இறந்தவரின் படம், கீழே நாலு வரிக் கவிதை, அதற்கும் கீழே வருந்துவோர் பட்டியல், அடியில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் ஒரு கணம் நின்று வயதைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊர்க்காரர்கள் நகர்வார்கள்.

அந்தப் பழக்கம் இங்கே என்னைக் காட்டிக்கொடுத்தது. போன மாதம் ஒரு விளக்குக் கம்பத்தில் படத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு பூனையின் முகம் மட்டும் தெரிந்தது. பூனைக்கும் அஞ்சலி செலுத்துகிற தேசம் போலிருக்கிறது என்று நினைத்துக் குல்லாவைக் கழற்றினேன். பக்கத்தில் வந்து நின்ற பெண்மணியிடம், எப்போது இறந்தது என்று ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. பூனை அவருடையது, காணாமல்தான் போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க, எனக்கு ஏதோ தகவல் தெரியும் என்று நம்பி அவர் எங்கள் வாசல்வரை விசாரித்துக்கொண்டே வந்தார்.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். பேத்தி இனியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கயல் சிரிக்கவில்லை. “ஒங்களுக்குத்தான் செவுத்துல ஒட்டுறதே பிடிக்காதேப்பா” என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன்போல மோரை ஊற்றிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் இனியா பள்ளியிலிருந்து ஒரு ப்ராஜெக்ட் கொண்டுவந்தாள். அவள் ஏழாம் வகுப்பு. தனக்குப் பிடித்த கவிதைகளைத் தேடிச் சேர்த்து, தன்னுடைய சொந்த ஆன்த்தாலஜி ஒன்று செய்ய வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியவர் பெயரும், ஏன் பிடித்தது என்று இரண்டு வரியும். பெற்றோர் தயவுசெய்து உதவ வேண்டாம் என்று ஆசிரியை குறிப்பு அனுப்பியிருந்தார். இனியா அம்மாவிடம், நீயும் இந்த மாதிரி செய்திருக்கிறாயா என்று கேட்டாள். கயல் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: “செஞ்சேன். ஆனா என்னோடதுல நான் எதையும் போடல. தாத்தாதான் போட்டாரு. ஃபர்ஸ்ட் ப்ரைஸ்.”

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

கயல் பசுமலையில் ஏழாம் வகுப்புப் படித்தபோது, அவளுடைய தமிழாசிரியை இதே மாதிரி ஒரு தொகுப்பு செய்துவரச் சொன்னார். அதற்கு முந்தைய வருடம்தான் என் மனைவி பாக்கியம் மஞ்சள் காமாலையில் இறந்துபோயிருந்தாள். பாக்கியத்தின் அண்ணன்மார் திருமங்கலத்திலும் தல்லாகுளத்திலும் அஞ்சலி ஒட்ட வேண்டுமென்று நின்றார்கள். நான்தான் விடவில்லை. தமிழில் எம்.ஏ. படித்தவன், என் மனைவியின் முகத்தைப் பசை தடவிச் சினிமா போஸ்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவதா என்று கேட்டேன். என் துக்கம் அவர்களுடையதைவிட உயர்ந்த ரகம் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

கயல் ஒரு நாற்பது பக்க நோட்டில் தொகுப்பை முடித்து என்னிடம் காட்டினாள். பள்ளிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சேர்த்தவை எல்லாம். ஆட்டோவின் முதுகில் கண்ட இரண்டு வரி, ஒரு காதுகுத்துப் பத்திரிகையிலிருந்து நாலு வரி, கண்டக்டர் ஒருவர் எதுகை மோனையோடு சொல்லும் எகத்தாளம். நடுப்பக்கத்தில், யாரோ ஒரு அம்மாவுக்கு அவர் பிள்ளைகள் ஒட்டிய அஞ்சலிக் கவிதை. எழுதியவர் பெயர் போட வேண்டுமல்லவா? சுவரொட்டியின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரை, ஊரோடும் தொலைபேசி எண்ணோடும், அப்படியே எழுதியிருந்தாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கத்தை மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன் கீழே, ஏன் பிடித்தது என்ற இடத்தில் அவள் எழுதியிருந்ததை மட்டும் நான் வாசிக்கவில்லை. “எங்க அம்மாவுக்கு யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் இதைத்தான் போட்டிருப்போம்.” வீட்டிலேயே அதைப் படித்துவிட்டேன். படித்த பிறகுதான் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். என் குற்றம் சிரித்தது மட்டுமல்ல, இதுவும்தான்.

பிறகு புது நோட்டு வாங்கி, பெரிய புலவர்களாகப் பார்த்து இருபது பாடல்களைச் சொல்லிச் சொல்லி அவளை எழுதவைத்தேன். ஏன் பிடித்தது என்பதையும் நானே சொன்னேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எழுத்து மணி மணியாக இருந்தது. முதல் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் டப்பாவை அவள் ஒருநாளும் பள்ளிக்குக் கொண்டுபோனதில்லை.

இங்கே, இனியா ப்ராஜெக்ட் கொண்டுவந்த வாரத்தின் சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த கயலிடம் போய் நின்றேன். அந்தப் பக்கத்தை ஆபீசில் வாசித்தேன் தாயி, கீழே இருந்ததையும் தெரிந்துதான் செய்தேன் என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்ப்பா. ஒங்க கூட வேலை பாத்த சங்கரலிங்கம் மாமா அந்த வாரமே வீட்டுக்கு வந்தாருல்ல? நான் காப்பி கொண்டுவாரேன், ‘என்ன தாயி, ப்ரெஸ்காரரு புதுசா கவிதை எதுவும் எழுதியிருக்காராமா’ங்குறாரு. நீங்க எங்கிட்டு பாக்குறதுன்னு தெரியாம சன்னலைப் பாத்தீங்க.”

எனக்கு அது நினைவில் இல்லை. அவள் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “அந்தக் கவிதையாச்சும் ஞாபகம் இருக்கா?”

இல்லை என்றேன். அச்சகத்தின் பெயர் நினைவிருந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவிருந்தது. கவிதையில் ஒரு சொல்கூட இல்லை.

“எனக்கு இருக்கு” என்றாள். சொல்லவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை.

பாக்கியத்தின் நினைவுநாள் அடுத்த வாரம் வரவிருந்தது. திருமங்கலத்தில் இருக்கும் என் தங்கை மகன் செந்திலுக்குப் போன் செய்து, உன் அத்தைக்கு ஒரு நினைவஞ்சலி அடித்து ஒட்ட வேண்டும் என்றேன். “மாமா, நீங்களா பேசுறீங்க?” என்றான். பிறகு, இம்புட்டு வருசம் கழிச்சு எதுக்கு மாமா என்று கேட்க வந்தவன், அதை விழுங்கிவிட்டு, ப்ரெஸ்சில் கவிதை கேட்பார்கள், எழுதி அனுப்புங்கள் என்றான்.

கயலிடம் போனேன். அந்தக் கவிதையையே போடலாமே என்றேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள்.

“அது வேற யாரோ அம்மாவோடதுப்பா. ப்ரெஸ்காரரையே எழுதச் சொல்லுங்க. அவருக்குத்தான் பழக்கம்.”

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, குத்தல் என்று எடுத்துக்கொள்வதா, தெரியவில்லை. இரண்டும் எனக்கு வேண்டியதுதான். இனியா தன் தொகுப்பை முடித்துக் கொடுத்துவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை.

நினைவுநாளுக்கு முந்தின நாள், இங்கே காலை, அங்கே பொழுது சாயும் நேரம், செந்தில் அச்சுக்குப் போகவிருந்த சுவரொட்டியின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பாக்கியத்தின் கல்யாணப் படம். கீழே ப்ரெஸ்காரர் எழுதிய நாலு வரி. தாய், சேய், வானம், நிலவு எல்லாம் இருந்தன. ஒரு காலத்தில் சிவப்பு மையால் அடித்திருப்பேன். கயல் போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பித் தந்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வருந்துவோர் பட்டியலில் மகள், பேத்தி, கனடா என்று இருந்தது. அண்ணன்மார், திருமங்கலம். கூடவே செந்திலின் குரல் பதிவு ஒன்றும் வந்தது: “மாமா, ஒங்க பேருக்குப் பக்கத்துல எந்த ஊரு போட? ப்ரெஸ்லதான் நிக்கிறேன், மிசினு ஓடப்போகுது.”

தல்லாகுளம் என்று அடித்தேன். அந்த வீட்டை விற்றுவிட்டு வந்தவன் நான்; அழித்தேன். திருமங்கலம் என்று அடித்தேன். அங்கே ஒட்ட விடாதவனும் நான்தான். கிச்சனர் என்று அடித்துப் பார்த்தேன். பாக்கியம் கேள்விப்பட்டே இராத ஊர். அதையும் அழித்தேன். மாமா, மாமா என்று இரண்டு செய்தி வந்தது. அப்புறம் வரவில்லை.

மறுநாள் தல்லாகுளத்தில் ஒட்டிய படத்தை அனுப்பியிருந்தான். பசை இன்னும் காயவில்லை. பாக்கியத்தின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. கணவர் என்று போட்டு என் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் வெள்ளைத் தாள்.