டி டிரைவில் பத்திரம்

எங்கள் அத்தானுக்குத் தெருவில் ‘டாக்டர்’ என்று பெயர். சம்பளத்துக்குப் பார்ப்பது கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை. ஆனால் மனிதர் தன்னை ஒரு கம்ப்யூட்டர் மேதை என்று நம்பிவிட்டார். எந்த வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டி நின்றுபோனாலும் ஸ்க்ரூடிரைவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெட்டியின் மேல் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பார். கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும்: “ஃபார்மேட் பண்ணிடலாம்.” அதாவது, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அதே மருந்துதான். காசு வாங்கமாட்டார், டீயும் புகழும் போதும். ஓசி வைத்தியத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

அவர் மனைவி, என் அக்கா, வீட்டின் முன்னறையில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். பள்ளிச் சட்டைப் பையில் வரும் சின்னம், ஹோட்டல் துண்டில் வரும் பெயர், குழந்தை கவுனில் வரும் வாத்து, எல்லாம் அவளே கம்ப்யூட்டரில் தையல் தையலாக வரைந்து வைத்தவை. அந்த வாத்தின் கழுத்து வளைவுக்காகவே ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த சொத்து அந்த டிசைன்கள் மட்டும்தான். கூடவே உட்கார்ந்து நூல் மாற்றி, பிசிறு வெட்டுகிறவள் நான். அதனால் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் பாதி விழித்து, நீலத் திரை காட்டி, அணைந்தது. தானாக மறுபடி எழுந்தது. மறுபடியும் நீலம். உள்ளே யாரோ நகம் வெட்டுவதுபோல் டிக் டிக்கென்று சத்தம்.

“அத்தான், ஹார்ட் டிஸ்க் போகுதுன்னு நினைக்கிறேன். மேற்கொண்டு ஓட்டாம கழட்டி, ஃபைல் மீட்டுத் தர்ற கடையில குடுத்துடலாம்” என்றேன்.

“நீ நூல் கோக்குற வேலையைப் பாரும்மா. இது விண்டோஸ் கோளாறு.”

“என் டிசைன் எல்லாம் உள்ள இருக்குங்க.” அக்கா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நான் என்ன மடையனா? எல்லாத்தையும் டி டிரைவுக்கு மாத்திட்டுத்தானே சி-யை ஃபார்மேட் பண்ணுவேன்? டி-ல இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கிற மாதிரி.”

அக்கா நம்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

புது விண்டோஸ் இருந்த பென் டிரைவைச் செருகிப் பெட்டியை எழுப்பினார். டிசைன்கள் டி-க்குக் காப்பி ஆவது பாதியில் நின்றபோதெல்லாம் பெட்டியின் விலாவில் ஒரு தட்டு தட்டினார். டிக் டிக் இன்னும் உரக்கக் கேட்டது. பகல் முழுக்க இந்தக் கூத்து. கடைசியில் ஃபார்மேட் முடிந்து, புது விண்டோஸ் பளிச்சென்று வந்ததும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். டிசைன்கள் டி-யில் இருந்தன. எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

அந்த வெட்கம் வாரக்கடைசி வரைகூடத் தாங்கவில்லை. பெட்டி மறுபடி படுத்தது. இந்த முறை டிக் சத்தமும் இல்லை. டிஸ்க்கே இல்லை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்தது.

மூவருமாக ஃபைல் மீட்டுத் தரும் அந்தக் கடைக்குப் போனோம். டிஸ்க்கைச் சோதித்துவிட்டு, “ஃபைலுக்கெல்லாம் இன்னொரு காப்பி எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

“டி-ல” என்றார் அத்தான், நெஞ்சை நிமிர்த்தி.

“டி-ன்னா வேற டிஸ்க்கா?”

அத்தான் ஸ்க்ரூடிரைவர் பையை மறு அக்குளுக்கு மாற்றினார்.

“இந்த ஒரே டிஸ்க்கைத்தான் சார் சி, டி-ன்னு பிரிச்சு வச்சிருக்கீங்க. வீட்டுக்கு நடுவுல சுவர் வச்ச மாதிரி. வீடே இடிஞ்சா ரெண்டு ரூமும்தான் போகும். சத்தம் கேட்டதுமே கொண்டுவந்திருந்தா முக்கால்வாசி எடுத்திருக்கலாம். ஓட்டி ஓட்டி உள்ள தட்டையே சுரண்டிட்டீங்க. இனி ஒண்ணும் வராது.”

அக்கா கடையில் அழவில்லை. தெருவுக்கு வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தான் பக்கத்தில் நின்று, “இப்ப வர்ற டிஸ்க் எதுவுமே தரம் இல்ல” என்றார். அந்த ஸ்க்ரூடிரைவர் பையாலேயே அவரை நாலு சாத்து சாத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு.

புது டிஸ்க் போட்டாயிற்று. பழைய கவுன் ஒன்றை மேசையில் விரித்து வைத்து, அக்கா வாத்தை முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். கழுத்துக்கு வந்தபோது அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தத் தடவை டி-ல வைக்காத. அது நமக்கு ராசியில்ல. இதே டிஸ்க்ல உனக்குன்னே ஈ-ன்னு ஒண்ணு தனியாப் பிரிச்சு விட்டிருக்கேன். அதுல வை, பத்திரமா இருக்கும்.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து, அவர் மடியிலிருந்த ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

“ஏய், சாவி எங்க?”

“எங்கிட்டதான் இருக்கு” என்றாள். “பத்திரமா இருக்கும்.”

பிறகு உட்கார்ந்து, வாத்தின் கழுத்தை வளைக்க ஆரம்பித்தாள்.