தொண்ணூற்றேழு மார்க் கடிதம்

அந்தக் கடிதத்தில் இருபத்தேழு சிவப்புக் கோடுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மலேசியாவில், கூலிமில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டுமென்றாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். அதற்கென்றே கணினியில் இலக்கணம் பார்க்கும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தேன். தப்பு இருந்தால் சிவப்புக் கோடு போடும், இப்படி எழுதினால் அழகு என்று பச்சையில் யோசனை சொல்லும், கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கும் கொடுக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் நாற்பதைத் தாண்டாதவன் நான். தொண்ணூற்றுக்கு மேல் பார்த்தால் எனக்கு அன்று தலைகால் புரியாது.

கடிதம் இரண்டாவது லைன் தங்கச்சியுடையது. உடன்பிறந்தவள் இல்லை. புக்கிட் செலம்பாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், அவ்வளவுதான் உறவு. ஒரு நாள் காலை அவள் பார்த்துக்கொண்டிருந்த ஓவனில் சூடு அதிகமாகி, உள்ளே போன போர்டுகள் அத்தனையும் கருகிவிட்டன. கருகல் வாடை வந்தும் மெஷினை ஏன் நிறுத்தவில்லை, மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் கொடு, பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை கிடையாது என்று எச்.ஆர். கடிதம் கொடுத்துவிட்டது. சூப்பர்வைசரோ, தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். எட்டு வருடமாக அந்த லைனில் நின்றவள். பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே என்னிடம் வந்து தாளை நீட்டினாள். “அண்ணே, இங்கிலீஷ் கேவலமா இருக்கும். சிரிக்காதீங்க லா.”

சிரிக்கத்தான் சிரித்தேன், மனசுக்குள். வினைச்சொற்கள் ஒன்று கிழக்கே போனால் இன்னொன்று மேற்கே போனது. ஆனால் விஷயம் முழுக்க அதில் இருந்தது. ஏழு ஐம்பதுக்கு வாடை வந்தது, வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னேன். எட்டு பத்துக்கு மறுபடி சொன்னேன். எட்டு இருபத்தைந்துக்கு மூன்றாவது தடவை. முதலில் ஓட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் பதில் போட்டார். ஓட்டினேன். அவ்வளவுதான் அவள் கடிதம்.

தட்டச்சு செய்து மென்பொருளில் போட்டேன். சிவப்பை எல்லாம் திருத்தினேன், பச்சையில் வந்த யோசனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். நேரங்களெல்லாம் தேவையில்லாத விவரம் என்றது, வெட்டினேன். சூப்பர்வைசர் பேச்சு வரும் இடத்தில் தொனி கடுமையாக இருக்கிறது என்றது, தடவிக் கொடுத்தேன். தொண்ணூற்றேழு மார்க்! நானே பரீட்சை எழுதிப் பாஸான மாதிரி பிரிண்ட் எடுத்துக்கொண்டு கேண்டீனுக்கு ஓடினேன்.

அவள் பேனாவைத் தொடவில்லை. “தமிழ்ல சொல்லுங்கண்ணே. புரியாததுல நான் சைன் வைக்க மாட்டேன்.”

இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். நடந்த சம்பவத்துக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் தகவல் உரியவரிடம் சரியான முறையில் சேராமல் போயிருக்கக்கூடும். இனிமேல் இன்னும் பொறுப்புடன் நடந்துகொள்வேன். மூன்றாவது வாக்கியத்தில் என் குரலே இறங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அத்தனை மிடுக்காக இருந்தது, தமிழில் சொல்லச் சொல்லக் காலில் விழுவது போல் கேட்டது.

“நிறுத்துங்கண்ணே. யாரு வருத்தப்படுறா? சேராம போயிருக்கக்கூடுமா? அந்தாளு படிச்சிட்டு பதில் போட்டாரு லா!”

“ஃபார்மல் கடிதம்னா அப்படித்தான் எழுதணும், தங்கச்சி,” என்றேன். விட்டுக்கொடுக்க மனமில்லை.

“நான் தப்பு பண்ணுனா நானே மன்னிப்பு கேப்பேன். பண்ணாத தப்புக்கு எதுக்குண்ணே இவ்ளோ அழகா கேக்கணும்?”

எனக்குச் சுருக்கென்றது. அவள் பால் சேர்க்காத தே ஓ ஒன்று வாங்கி என் முன்னால் வைத்தாள். கோபத்தை அதோடு விழுங்கினேன்.

மறுநாள் அவள் ஷிப்ட் முடிந்ததும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய தாளிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஒவ்வொரு கோட்டுக்கும் அது என்ன சொல்கிறது என்று தமிழில் கேட்பாள். எழுத்துப்பிழை, காலம், விட்டுப்போன சொல் என்றால் “ஆங், அதைப் போடுங்க” என்பாள். உண்மையில் அந்த மென்பொருள் அதிலெல்லாம் கெட்டிக்காரன், குறை சொல்ல முடியாது. வாக்கியத்தை மென்மையாக்கலாமே என்று பச்சையில் வந்தால் அவளே மௌஸைப் பிடுங்கித் தள்ளிவிடுவாள். ஓரிடத்தில், இந்தக் கடிதம் கோபமாக ஒலிக்கிறது என்று ஒரு குட்டி முகம் எட்டிப் பார்த்தது. “கோவமாத்தான் இருக்கேன்னு அதுக்கிட்ட சொல்லுங்கண்ணே!” நான் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்துவிட்டார். கடைசி மார்க் எழுபத்தொன்று. வயிறு எரிந்தது எனக்கு. “எழுபத்தொண்ணு பாஸ்தானே?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணைக்கு அவள் என்னையும் கூட வரச் சொன்னாள், போனேன். எச்.ஆர். அம்மாள், புவான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், கடிதத்தை மேசையில் வைத்து ஒவ்வொரு நேரத்தின் மேலும் விரலை வைத்தார், பிறகு தங்கச்சியின் போனை வாங்கி அந்த நேரத்துக்குப் போன செய்தியைப் பார்த்தார். மூன்றும் இருந்தன. பதிலும் இருந்தது. சூப்பர்வைசருக்கு வியர்த்தது. கடிதம் தெளிவாக இருக்கிறது, யார் எழுதியது என்று புவான் மலாயில் கேட்க, நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். தங்கச்சி துளியும் யோசிக்காமல் சொன்னாள், நான்தான் எழுதினேன், அண்ணன் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார் என்று. நான் காலரை விட்டுவிட்டேன். வேலை அவளிடமே இருந்தது. இன்றும் அதே லைனில்தான் நிற்கிறாள், இப்போது லைன் லீடராக.

அன்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் நான். போகவில்லை. என் கணினியில் இருந்த பழைய கடிதங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முந்தின வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அண்ணன் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது கிடந்தது. சரக்கு அடுக்கு சரிந்து விழுந்ததற்கு அவர் காரணமே இல்லை, அடுக்கியவர்கள் வேறு ஆட்கள். கடிதத்தில் அவர் மூன்று இடத்தில் வருந்தியிருந்தார். தொண்ணூற்றெட்டு மார்க். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், அவர் போகும்போது எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் ஊரான மெர்போக் போனேன். தன் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார், முன்பைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். வழியெல்லாம் தயார் செய்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. “அண்ணே, நீங்க செய்யாத தப்புக்கு நான் மன்னிப்பு எழுதிட்டேன். தப்பு என்னோடது,” என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

“படிச்சப்பவே தெரியும் தம்பி, என்னாடா இத்தனை சாரி கெடக்குதேன்னு. ஆனா இங்கிலீசு அவ்ளோ நல்லா இருந்துச்சு, மாத்தச் சொல்ல மனசு வரல.”