யாருடைய அம்மா கொண்டுவந்தது

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கென்யாவில் தெருப்பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற கிறிஸ்தவ இல்லத்துக்காக அடுத்த வீட்டுத் தங்கச்சியின் சபையில் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். "அந்த மனுசி உங்கட வீட்டிலதானே தங்கினவ, நீங்கள்தான் எழுதவேணும் அக்கா" என்று கொப்பியையும் பேனையையும் என் மேசையில் வைத்துவிட்டுத் தங்கச்சி போய்விட்டார். முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதே இப்போது மறந்துபோகிறது.

நான் சைவக்காரி, கோயிலுக்குப் போகிறவள். சபையோடு எனக்கு இருக்கிற தொடர்பு செவ்வாய்க்கிழமைத் தையல் மட்டும்தான். இங்கே சிட்னியில், பிளாக்டவுனில் அவர்களுடைய மண்டபத்தில் நாலைந்து பெண்கள் கூடி அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டையும் காற்சட்டையும் தைப்போம். எனக்குக் கதைக்க வராது, மெஷின் ஓட்ட வரும். அங்கிருந்து வருகிற அளவுத் தாளில் பிள்ளையின் பெயர் இருக்காது. உயரமும் வயதும் இருக்கும். அந்த வயதும் குத்துமதிப்புத்தான், பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள் என்றார்கள்.

இல்லத்தை நடத்துகிற போதகரின் மனைவி போன வருடம் சிட்னிக்கு வந்தார். தங்கச்சியின் மகளுக்குப் பிள்ளை பிறந்து அவர் வீடு நிறைந்திருந்த நேரம். தங்கச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஆறு நாள்தான் அக்கா. உங்கட பின்னறை சும்மாதானே கிடக்குது."

"நான் அவவோட என்ன பாஷையில கதைக்கிறது?"

"நீங்கள் எங்களோடயே கதைக்கிறேல்லை. பிறகென்ன?"

அதற்கு மேல் எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். முதல் நாள் நான் முள்ளுக்கரண்டி எடுத்து வைத்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து கையைக் கழுவிக்கொண்டு கதிரையில் இருந்து, சோற்றைக் குழைத்து எங்களைப்போலவே சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி நாள்; சட்டி மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். இறைச்சி இல்லை என்று கண்டதும் சிரித்துவிட்டு, பருப்பை இரண்டு தரம் வாங்கினார். என்னை "மாமா" என்று கூப்பிட்டார். அவர்கள் ஊரில் பெரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். என் மகன் போனில் அதைக் கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எனக்குக் கன நாள்.

தங்கச்சி பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல, போனில் படங்கள் காட்டினார். பஸ் நிலையத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைகள். பசிக்காமல் இருப்பதற்குப் பசைப் போத்தலைச் சட்டைக் கைக்குள் ஒளித்து வைத்து மோந்துகொண்டிருப்பார்களாம். பிறகு அதே பிள்ளைகள் இல்லத்தில் தலை வாரி வரிசையில் நின்றார்கள். ஒரு சட்டையின் பை சற்று ஏறி இருந்தது. அது நான் தைத்தது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக மகன் பரமட்டாவிலிருந்து மத்தியானமே வந்துவிட்டான். மகனைப் பற்றிச் சொல்லவேணும். நாற்பது வயதாகப் போகிறது. ஒவ்வொரு ஞாயிறும் வருவான். மருந்து வாங்கித் தருவான், லைட் போனால் மாற்றுவான், சாப்பிடுவான், "போட்டு வாறன்" என்று போவான். ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறது குறைவு. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது தகப்பன் இல்லாமல் போனார். சண்டைக்குப் பயந்து நாங்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்தோம். மரத்துக்குக் கீழே ஒரு பிள்ளையை எத்தனை நாள் வைத்திருப்பது? சிஸ்டர் ஒருவர் நடத்திய சிறுவர் இல்லத்தில் சோறும் இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. அங்கே கொண்டுபோய் விட்டேன். முதல் தரம் பார்க்கப் போனபோது றோட்டு வரைக்கும் ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அடுத்த தரம் சிஸ்டர் என்னை வாசலிலேயே மறித்தார். "கொஞ்சக் காலம் முகம் காட்டாதேங்கோ அம்மா. நீங்கள் போனாப்பிறகு மூண்டு நாள் அவன் சாப்பிடேல்லை. தாயில்லாததுகளும் சேர்ந்து அழுதுதுகள்" என்றார். அவர் கெட்ட மனுசி இல்லை. சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை எள்ளை இடித்துப் பனங்கட்டி போட்டுப் பாகு உருட்டிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு நடந்துபோவேன். கேற்றில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்படி இரண்டு வருடம். பிறகு அவனைத் திரும்ப எடுத்து, என் அண்ணர் கூப்பிட இங்கே வந்து சேர்ந்தோம். அந்த இடத்தைப் பற்றி அவனும் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. விட்டுவிட்டுப் போனேன் என்ற கோபம் என்று நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஏதோ துணிவு வந்து மகனிடம் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையளுக்குத் தாய்மார் இருக்கினமோ எண்டு கேள்."

அவன் கேட்டான். அவர் சொல்லச் சொல்ல, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே எனக்குத் தமிழில் சொன்னான்.

"சில பேருக்கு இருக்கினமாம். சனிக்கிழமையில வாழைப்பழம், சோளம் எண்டு கொண்டுவருவினமாம். எல்லாத்தையும் ஒரு பெரிய தட்டில கொட்டிப் பங்கு வைப்பினமாம். ஆரின்ர அம்மா கொண்டுவந்தது எண்டு சொல்லமாட்டினமாம். அம்மா இல்லாத பிள்ளையளுக்கு நோகுமாம்."

"அப்ப அந்தப் பிள்ளைக்குத் தன்ர அம்மா வந்தது தெரியாதே?"

இதை அவன் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார். தெரியாது.

சொதிக் கரண்டி என் கையிலேயே நின்றது.

"சிஸ்டரின்ர இடத்திலயும் அப்பிடியோ?" என்று மகனைக் கேட்டேன்.

"ஓம். பலகாரம் வந்தா தட்டிலதான் வைப்பினம். ஏன்?"

"எள்ளுப்பாகு தந்தவையோ?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "சில சனிக்கிழமை. கடதாசியில சுத்தினது."

"அது நான் கொண்டுவந்தது."

அவன் கையிலிருந்த சோற்றைக் கோப்பையில் போட்டுவிட்டு, "எத்தினை தரம்?" என்றான்.

"மாதம் ஒருக்கா. மழைக்கு ரெண்டு தரம் வர ஏலாமப் போச்சு."

"நீங்கள் வரவேயில்லை எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"சிஸ்டர் உனக்குச் சொல்லியிருப்பா எண்டு நான் நினைச்சன்."

"ஒருத்தரும் சொல்லேல்லை." பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: "நான் அதைத் தின்னுறேல்லை அம்மா. ஆரோ பாவம் பார்த்துக் குடுக்கினம் எண்டு பக்கத்தில இருக்கிறவனுக்குக் குடுத்திடுவன்."

வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து என்னவென்று கேட்டார். மகன் இங்கிலிஷில் இரண்டு வசனம் சொன்னான். அவர் எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகன் அதைத் தமிழில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெட்டியைக் காரில் ஏற்றும்போது மட்டும் ஒன்று கேட்கச் சொன்னேன். அந்தத் தாய்மாருடைய பிள்ளைக்கு மட்டும் காதோடு சொன்னால் என்ன?

"ஒரு பிள்ளைக்குச் சொன்னா மற்றது, என்ர அம்மா எப்ப வருவா எண்டு அவவைக் கேட்குமாம்," என்றான் மகன். "அதுக்குத் தன்னட்டப் பதில் இல்லையாம்."

அது சரிதான். சிஸ்டர் சொல்லியிருந்தால் என் பிள்ளை சாப்பிட்டிருப்பான், பக்கத்தில் இருந்தவன் அழுதிருப்பான். என் பாகு முழுவதையும் தின்றது அந்தப் பக்கத்துப் பிள்ளை. அவனுக்குத் தாய் இருந்தாளோ என்னவோ. அவன் தின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் நடந்து போய், நான் போகாத மாதிரியே ஆகிவிட்டதே என்று நினைக்கும்போது குசினியில் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறும் மகன் வழக்கம்போல வந்தான். மருந்தை மேசையில் வைத்தான். பாகு செய்வோமா என்று யோசித்தேன். செய்யவில்லை. அவனுக்கு இப்போது சீனி வருத்தம்.

கொஞ்ச நாள் போய்த் தங்கச்சிதான் வந்து சொன்னார்.

"அக்கா, உங்கட மகன் அந்தக் கென்யா மனுசிக்கு எழுதினவராம், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. எந்தத் தாய் எந்த நாள் வந்தாள், என்ன கொண்டுவந்தாள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்டானாம். பிள்ளைக்கு அப்போது சொல்ல வேண்டாம், வளர்ந்து இல்லத்தைவிட்டுப் போகிற அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள் என்றானாம். அவர் ஓம் என்று சொல்லி எழுத ஆரம்பித்துவிட்டாராம். மகன் இதை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. தங்கச்சி சொன்னதாக நானும் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது இன்னும் கூடவோ தெரியாது. போகாத மாதங்கள் இரண்டுதான் என்று நான் சொன்னதும் ஞாபகத்தில் சொன்னது, கூடவும் இருக்கலாம். எனக்கு ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. அச்சடிக்க முன் தங்கச்சி இதை என் மகனிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். நான் கொடுத்தால் வாங்கி வாசிக்காமல் வைத்துவிடுவான், அதனால்தான் கேட்கிறேன். எந்தச் சனிக்கிழமைகளில் பாகு வந்தது என்று அவனுக்கு ஞாபகம் இருந்தால், அவன் சொல்கிறபடியே மாற்றி எழுதுங்கள்.