உம்மா டாக்டரிடம் கேட்டது

இரத்தம் குறையக் குறைய எனக்கு உலகம் தூரமாகிவிடும். கரைத்தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வரும்போது களப்பும் வானமும் ஒரே வெள்ளைத் துணியாகத் தெரியும். யார் கதைத்தாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும். சுகமாகக்கூட இருக்கும். அதுதான் ஆபத்து. உங்களுக்கும் அப்படி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எனக்குத் தலசீமியா (உடல் போதிய நல்ல இரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோய்). மாதாமாதம் யாரோ ஒருவரின் இரத்தம் ஏறித்தான் நடமாடுகிறேன்.

உம்மாவும் வாப்பாவும் மாமா மகள், மாமி மகன். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள், ஊர் சிதறிவிடக்கூடாதென்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் முடித்தார்கள். இருவரும் காவிகள் (தமக்கு நோயில்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்கள்) என்பது நான் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது தங்கச்சி பர்ஹானாவுக்கும் மாமி மகனைப் பேசியிருந்தார்கள். அவளுக்கு அவனை நிரம்பப் பிடிக்கும். சோதித்துப் பார்த்தால், அவர்களும் காவிகள்.

முடிவு வந்த அன்று எனக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பர்ஹானா என் கட்டிலில் இருந்தாள். உம்மா டாக்டரை விடவில்லை.

“கருவிலேயே மரபணுவத் திருத்தலாமாமே, போன்ல பார்த்தன். இவளுக்குப் பொறக்கப்போற புள்ளைக்குச் செய்ய ஏலாதா டாக்டர்?”

டாக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எனக்கும் ஆசைதான் அம்மா. ஆனா அது அந்தப் பிள்ளையோட நிக்காது. பேரப்பிள்ளைகளுக்கும் போகும். எங்கயாவது பிழை நடந்தா திருப்பி எடுக்க ஏலாது. எனக்கே பயம். இங்க அப்பிடி ஒண்டும் செய்யிறதில்ல.”

“அல்லாஹ் படைச்சதில கை வைக்கிறது பாவமெண்டு இவங்கட வாப்பா சொல்றார். ஊசி இல்லாத புள்ள கிடைக்குமெண்டா, அந்தப் பாவத்த நான் சுமப்பன்.”

எனக்குக் கண் செருகியது. என்னைப்போலவே ஒருத்தி, திருத்தப்பட்டவள், கடற்கரையில் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

விழித்தபோது எல்லோரும் வாயடைத்துப்போய் இருந்தார்கள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றால், என்னைப்போல ஒருத்தி வேண்டாம் என்றாகிவிடுமே! என் முகத்துக்காகத்தான் அத்தனை மௌனமும். எரிச்சலாக வந்தது. நான் என்ன கண்ணாடிக் கிளாஸா?

“ராத்தா, நீங்க சொல்லுங்க. மச்சானக் கல்யாணம் முடிக்கவா?” பர்ஹானா கேட்டாள்.

“வேணாம். மச்சான் தங்கமானவர்தான். ஆனா இந்த ஊசி ஒரு சின்னக் கையில ஏறுறத என்னால பார்க்க ஏலாது.”

“அப்ப நீங்க பொறந்திருக்கக் கூடாதெண்டா சொல்றீங்க?”

“நான்தான் பொறந்துட்டனேடி! அதில எனக்குச் சந்தோசம்தான்.”

உம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணம் நின்றுபோனது.

இப்போது யாராவது வயது கேட்டால் தடுமாறுகிறேன். எனக்குள் ஓடும் இரத்தம் போன மாதம் வந்தது. அது சிலாபத்து மீனவருடையதோ, ஒரு பிக்குவினுடையதோ, யாருக்குத் தெரியும்? அது தீரும்போது என் மாதமும் தீர்கிறது.

பர்ஹானா இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. ஆனால் இரத்தம் ஏற்றும் நாளில் கூடவே வருகிறாள். சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். குழாயில் சொட்டு நின்றால், எனக்கு முன்னால் அவள்தான் எழுந்து நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட ஓடுகிறாள்.