ஆயில் வாத்தியாரும் கீறல் விழுந்த சிலிண்டரும்

கடை போர்டில் அந்த மெக்கானிக்குக்கு வேறு பேர் இருந்தது. ஊர் வைத்த பேர் ஆயில் வாத்தியார். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும், மறந்தால் இன்ஜின் இறுகிவிடும். இந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆயில் ஊத்துனியா?" என்று ஆரம்பிப்பார். பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தவனுக்கும் அதே பாடம்தான். ஒரு பல் டாக்டர், "என் வண்டி ஃபோர்-ஸ்ட்ரோக்குங்க, இதுக்குக் கலக்கவே வேண்டாமே" என்று சொல்லிப் பார்த்தார். "அதான் உங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லாம போச்சு" என்று வாத்தியார் ஒரே போடாகப் போட்டார்.

கைவேலையில் மனுஷன் கெட்டிக்காரர். ஆனால் "என் தப்பு" என்ற இரண்டு வார்த்தை மட்டும் அந்த வாயில் நுழையவே நுழையாது. வீட்டில் ஆணி அடிக்கப் போய்ச் சுவரைப் பெயர்த்தபோதுகூடச் சுவரைத்தான் திட்டினார். "பாவம், சுவர் ஆயில் ஊத்தலையோ என்னவோ" என்று மனைவி காரையைக் கூட்டி அள்ளினாள்.

அவருடைய ஒரே மகள் மண் டிராக்கில் டர்ட் பைக் ஓட்டுகிறவள். மூன்று வருஷம் விழுந்து எழுந்து, இந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குத்தான் முதல் தடவையாகக் குழுப் பட்டியலில் அவள் பேர் ஏறியிருந்தது. போன சனிக்கிழமை அவள் வண்டிக்கு அப்பாவே புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில், மூன்றாவது சுற்றில், வண்டி 'கிரீச்' என்று கத்திவிட்டு நின்றது.

வாத்தியார் அங்கேதான் இருந்தார். ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பேர் பார்க்க, "ஆயில் ஊத்தாம ஓட்டியிருக்கா! பெத்த பொண்ணே இப்படின்னா ஊரை நான் என்ன சொல்றது?" என்று முழங்கினார்.

"அளந்துதான்பா ஊத்துனேன்" என்றாள் மகள். யார் காதில் விழுந்தது?

குழுவை நடத்தும் பெண்மணிக்கு விசில் என்று பட்டப்பெயர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "அப்பாவே சொன்னதுக்கப்புறம் நான் வேற சொல்லணுமா? இன்ஜினைப் பாத்துக்கத் தெரியாதவளுக்கு என் குழுவுல இடமில்ல" என்று பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். அன்றிலிருந்து வீட்டில் மகள் அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். "அம்மா, உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் காலை மடக்கச் சொல்லு, கூட்டணும்" என்கிற அளவில் தகவல் போக்குவரத்து நடந்தது.

புதன்கிழமை காலை வாத்தியார் இன்ஜினைப் பிரித்தார். அடுத்த சொற்பொழிவு தொண்டையில் தயாராக இருந்தது. பிஸ்டனைப் பார்த்தால் ஆயில் பளபளவென்று வழிந்துகொண்டிருக்கிறது. அதன் தலையில் ஓர் அம்புக்குறி உண்டு. புகை வெளியேறும் துளையைப் பார்த்து அது நிற்க வேண்டும். இங்கே நேர் எதிராகப் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் வண்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அம்பும் கூடவே திரும்பியது.

பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் அதைச் சுற்றியிருக்கும் ரிங்கின் முனைகள் புகைத் துளைக்கு நேராக வந்துவிடும். துளையின் விளிம்பில் ஒரு முனை மாட்டி, உடைந்து, சிலிண்டரைக் கீறியிருக்கிறது. சைலன்சரைக் கழற்றிக் குலுக்கினார். உடைந்த துண்டு முழுசாக விழுந்தது. சனிக்கிழமை பிஸ்டனை மாட்டும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு எவனுக்கோ ஆயில் பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. வாத்தியார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. மகளின் முகம் கண்முன் வந்தபோது அதைவிட மோசமாக இருந்தது.

சிலிண்டரின் உள்ளே தாளைவிட மெல்லிய, ஆனால் இரும்பைவிடக் கெட்டியான ஒரு பூச்சு உண்டு. அது போயிருந்தால் வெளியூருக்கு அனுப்பித்தான் பூச வேண்டும், இரண்டு வாரம் ஆகும். பிஸ்டனின் அலுமினியம் சுவரில் கோடு கோடாக அப்பியிருந்ததால் அடியில் என்ன மிச்சம் என்று தெரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் ஆசிட் தொட்டு, முதல் கோட்டின்மேல் வைத்தார். புஸ்ஸென்று நுரைத்தது. அப்பிய அலுமினியம் கரைந்ததும் நுரை நின்றால் பூச்சு பத்திரம். நிற்காவிட்டால் பூச்சுக்கு அடியிலிருக்கும் சிலிண்டரின் அலுமினியத்தையே ஆசிட் தின்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கோடாக வைத்தார், கழுவினார், மறுபடி வைத்தார். கடைசிக் கோடு அடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வாத்தியார் கழுவிவிட்டு இன்னொரு தடவை வைத்தார். அதுவும் அடங்கியது.

துளையின் விளிம்பைச் சின்னக் கல்லால் தேய்த்து மழுக்கினார். இன்ஜினின் அடிப்பாகத்தை அலசினார். இன்னொரு புது பிஸ்டனை, போனை அணைத்துவிட்டு, அம்பை நாலு தடவை பார்த்து மாட்டினார். வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. பழைய பிஸ்டனை இரும்புக் குப்பையில் போட்டால் கதை முடிந்தது, யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டியலில் கோடு அப்படியேதான் இருக்கும். பிஸ்டனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு குட்டி வேனில் வண்டியோடு மகளையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். விசிலைத் தனியாக ஓரம் கட்டி முணுமுணுத்தார்.

"என்ன? வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று விசில் நீளமாக ஊதினார். பன்னிரண்டு இன்ஜினும் அணைந்தன. "இப்ப சொல்லுங்க."

வாத்தியார் பிஸ்டனை வெளியே எடுத்தார். "நான்தான் திருப்பிப் போட்டுட்டேன். பொண்ணு சரியாத்தான் ஆயில் ஊத்தியிருக்கா. என் தப்பு."

மைதானம் பிடித்துக்கொண்டது. "அப்ப போன வருஷம் என் வண்டி?" என்றான் ஒருவன். "என் தம்பி வண்டி?" என்றான் இன்னொருவன். "எங்க மாமா உங்க பேச்சைக் கேட்டுட்டு வண்டி ஓட்டுறதையே விட்டுட்டாருய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. விசில் பேனாவைத் திறந்து மகளின் பேரைத் திரும்ப எழுதினார்.

மகள் வண்டியில் ஏறினாள். ஹெல்மெட்டை மாட்டப் போனவள் நிறுத்தி, மூன்று நாளில் முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினாள்.

"நிஜமா எத்தனை பேருப்பா?"

அவர் யோசித்தார். கழற்றாமலே திட்டி அனுப்பியவர்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் தீர்ந்ததும் விட்டுவிட்டார்.

"தெரியலம்மா" என்றார்.