மண் சரியாத காலைகள்

பத்மநாதன் சேர் காலமான செய்தி எங்கள் அலுவலகத்துக்கு வருமுன்பே, தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கத் தொழிலாளர் குடியிருப்பான பணிய லயத்துக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போன பிறகும், மலைநாட்டில் மழை என்று கேள்விப்பட்டால் அவர் முதலில் அழைப்பது அந்த லயத்துச் செல்வராணி அக்காவைத்தான். அவர் தொலைபேசியில் அந்த இலக்கத்தைக் கண்டு அவருடைய மகள் முதலில் அங்கே சொல்லியிருக்கிறார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "சேர் போயிட்டாரு மிஸ்" என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டிருந்த மனிதர் அவர்.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவ்வளவு பயந்தவரை லிந்துலைப் பக்கம் யாரும் கண்டதில்லை. அட்டைக்குப் பயந்து காலுறை முழுக்கச் சவர்க்காரம் தேய்ப்பார். குளவிக்கூடு இருக்கிறதென்றால் அந்த மலைக்கே வரமாட்டார். கேலி செய்தால், "பயந்தவனுக்குத்தான் பெட்டி வேணும். துணிஞ்சவனுக்கு என்னத்துக்கு?" என்பார்.

பெட்டி என்றது, பணிய லயத்துக்கு மேலே உள்ள சரிவில் நாங்கள் இருவரும் நட்ட, மண்ணின் ஈரம் பார்க்கும் கருவிகளை. மண் தண்ணீர் குடித்து நிறைந்தால் சரிவு லயத்தின் மேல் வந்து விழலாம். அதற்கு முன் சனத்தை வெளியேற்ற வேண்டும். கம்பி கிடையாது. ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்ல, லயத்தில் வம்பு பரவுகிற மாதிரி செய்தி அலுவலகம் வந்து சேரும். சின்ன பற்றரி வருஷக்கணக்கில் தாங்க வேண்டுமே, அதனால் பெட்டி பெரும்பாலும் தூங்கும். இடையிடையே விழித்து ஈரத்தைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும்.

இதை லயத்தில் விளக்கப் போனதுதான் வினையாயிற்று. பெட்டி நித்திரை கொள்ளும் என்றார் சேர். செல்வராணி அக்கா பிடித்துக்கொண்டார். "நாங்க செத்த குந்துனா கங்காணி கத்துறாரு. இது நாள் பூரா தூங்குமா? இதுக்கும் பேரு போடுவீங்களா?" பேர் போடுவது என்றால் நாள் சம்பளம். சேர் சிரிக்கவில்லை. பெட்டிக்கு ஏன் தூக்கம் அவசியம் என்று தூறலில் நின்று வகுப்பெடுத்தார். அன்றே பெட்டிக்கு, தோட்டத்து உதவி முகாமையாளரைக் கூப்பிடுவது போலச் சின்னத்துரை என்று பெயர் விழுந்தது. நாள் முழுக்கத் தூங்கி நடுவில் ஒரு வார்த்தை சொல்கிறவர் தோட்டத்தில் வேறு யார்? அதற்குப் பிறகு பெட்டியின் பேச்சை நம்ப ஒருவரும் தயாராக இல்லை.

பிறகு விடாமழை வந்தது. ஒரு பின்னேரம், மண் நிறைந்துவிட்டது என்று எல்லாப் பெட்டிகளும் சொல்லின. சரிவுக்கு அப்பால் மேட்டிலுள்ள பாடசாலைக்குப் போங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினோம். சின்னத்துரை சொன்னதற்காக அடுப்பை அணைக்க முடியாது என்றார்கள். சேர் குடையை மடக்கிவிட்டு, லயத்துக்குப் பின்னால், சரிவின் அடியிலேயே போய் நின்றார்.

"நீங்கள் எல்லாரும் போனாப் பிறகுதான் நான் இதிலயிருந்து அசைவன்."

காலுறையில் தேய்த்த சவர்க்காரம் மழையில் கரைந்தது. அட்டைகள் ஏறின. அவர் குனிந்து பார்க்கவில்லை. செல்வராணி அக்கா தன் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இந்த மனுசன் மண்ணுல செத்தா பாவம் நமக்குத்தான். கெளம்புங்க."

பெட்டியை நம்பி அல்ல, அவர் மேல் வந்த பரிதாபத்தில் லயமே சட்டி பானையோடு மேலே ஏறியது.

விடிந்தபோது சரிவு அப்படியே இருந்தது. நனைந்த பாய்களோடு திரும்பியவர்களிடம் சேர் கைகூப்பினார்: "மண் விழேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அடுத்த மழைக்கும் வருவன்." வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. சொன்னபடி அடுத்த மழைக்கும் வந்தார். இன்றுவரை அந்த மண் சரியவில்லை. ஒவ்வொரு முறையும், ஓய்வு பெற்ற பிறகு தொலைபேசியிலும், மன்னிப்புக் கேட்டார், ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கினார்.

அவர் காலமான பிறகு வந்த முதல் மழை, போன கிழமை. பெட்டி சொன்னதும், நான் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று யோசித்துக்கொண்டே ஓடினேன். லயம் பூட்டிக் கிடந்தது. சனம் பாடசாலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. "அவரு இல்லைன்னா மண்ணு சும்மா இருக்குமா மிஸ்?" என்று கேட்ட செல்வராணி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன்.

மறுநாளும் மண் அசையவில்லை. விழாத மண்ணுக்காகக் காலையில் மன்னிப்புக் கேட்கும் வேலையை அவரிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். லயத்து வாசலில் நின்று கைகூப்பிக் கேட்டேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.